இருபத்தொரு நாள் நிறுத்திய மாத்திரை

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத நான் நோயையும் மருந்தையும் பற்றி எழுத வந்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச எனக்கு வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வாரம் நான் வேலை பார்க்கும் கிழங்கு மண்டியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "கொழுப்பு மாத்திரைதானே, நார்மல் வந்திச்சு, நிறுத்திட்டேன்" என்றார் ஒருவர். "அதான் கரெக்ட்டு" என்றார் இன்னொருவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி மல்லிகா அடுத்த அறையில் தூங்குகிறாள். இரண்டு வரி எழுதியதும் எழுந்து போய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இதுவரை அவளுக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. இது எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

எங்கள் வீடு வடக்கனந்தலுக்குப் பக்கத்தில். கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டில் அந்த மண்டி இருக்கிறது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறங்கினால் அதற்குப் பாயிண்ட் பார்ப்பது என் வேலை. பாயிண்ட் என்றால் கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. ஒரு மூட்டையைப் பிரித்துக் கிழங்கை எடுத்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்போம். முள் காட்டுகிற எண்ணுக்குத்தான் விலை. அதற்கு முன்னால் கிழங்கில் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். மண்ணோடு பார்த்தால் வருகிற எண் கிழங்கின் எண்ணே கிடையாது. இருபது வருடமாக இதைச் செய்கிறேன். ஆளைப் பார்த்துப் பேச வராதே தவிர, முள்ளைப் பார்த்துச் சொல்வதில் தவறியதில்லை. மலைக்காரர்களும் சரி, மண்டி முதலாளியும் சரி, நான் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். அந்தப் பெருமைதான் என் வீட்டுக்குள் வந்து இந்த வேலையைச் செய்தது.

முதல் எச்சரிக்கை நைனார்பாளையத்தில் என் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது. மல்லிகா பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். வலது கையிலிருந்து வாளி நழுவிக் கீழே விழுந்தது. ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தைகள் குழைந்து வந்தன. உதடு ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"இன்னா மல்லிகா, பந்தி முடியறதுக்குள்ள வெத்தல போட்டுக்கினியா?" என்று ஒரு அம்மா கேட்டதும் பந்தியே சிரித்தது. பத்து நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள். இலையில் விழுந்த சாம்பாரைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மகள் சுமதி விடவில்லை. ஆத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், கல்யாணத்துக்கு வந்திருந்தாள். அடுத்த நாளே அம்மாவைக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்திருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மேலே போய், கொஞ்ச நேரம் அடைத்துவிட்டுக் கரைந்திருக்கிறது.

"பத்து நிமிஷத்துல போயிடுச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. பெருசா ஒண்ணு வரலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார் டாக்டரம்மா.

மூன்று மாத்திரைகள் எழுதினார். ஒன்று ரத்த அழுத்தத்துக்கு. ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க. மூன்றாவது அட்டர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, ராத்திரி ஒன்று. மூன்றையும் நான்தான் அட்டையிலிருந்து பிதுக்கி அவள் கையில் கொடுப்பேன். ஆறு மாதம் ஒரு வேளை தவறவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது.

"இன்னியிலருந்து கொழுப்பு மாத்திரை வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"மண்ண கழுவிட்டுத்தானே பாயிண்ட் பாக்கறோம்? மாத்திரைய போட்டுக்கினு ரத்தம் குடுத்தா, அது மாத்திரையோட நம்பர். உன் நம்பர் இன்னானு தெரிய வேணாமா?"

அவள் சிரித்தாள். "கிழங்கும் நானும் ஒண்ணா? டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

"கேக்கறேன்."

கேட்கப் போனேன், அது உண்மை. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது டாக்டரம்மா எழுதிக்கொண்டே "சொல்லுங்க" என்றார். பின்னால் இருபது பேர் நின்றார்கள். "இதே மாத்திரைதானுங்களா?" என்று மட்டும் கேட்டேன். "இதேதான்" என்றார். வெளியே வந்துவிட்டேன். வீட்டில் மல்லிகாவிடம், "கேட்டேன், ஒண்ணும் சொல்லல" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. அப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தோம். முடிவு வந்தது. கொழுப்பு அளவுக்குள்தான் இருந்தது. சீட்டை அவள் முன்னால் நீட்டி, "பாத்தியா, மாத்திரையே இல்லாம நார்மல்" என்றேன். ஒரு லோடுக்கு நல்ல பாயிண்ட் வந்ததுபோல் சந்தோஷப்பட்டேன். தேவையில்லாத மாத்திரை எதற்கு என்று அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை, சீட்டை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டவும் இல்லை. மற்ற இரண்டையும் கொடுத்தேன். இப்படி மொத்தம் இருபத்தொரு நாள்.

இருபத்திரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் மண்டிக்குக் கிளம்பியபோது மல்லிகா நன்றாக இருந்தாள். "மழ வர்ற மாதிரி கீது, கோட்டு எடுத்துக்கினு போங்க" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி முழு வாக்கியம் அதுதான்.

பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மல்லிகா விழுந்து கிடந்தாள். நான் போய்ப் பார்த்தபோது வலது கால் உடம்புக்கு அடியில் மடிந்திருந்தது. துவைத்த துணி பாதி காய்ந்துவிட்டது, அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. கண் திறந்திருந்தது. "மல்லிகா" என்றேன். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். உள்ளே போனதும் ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசியவில்லை, அடைப்புதான் என்றார்கள்.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். மூன்று மாத்திரைகளையும் எழுதிக் கொடுத்த அதே டாக்டரம்மா.

"காத்தால அஞ்சு மணிக்குங்க."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி தாண்டியிருந்தது. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் போடலாம். அதற்கு மேல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். "அந்த நேரம் போயிடுச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் சுமதி ஆத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டாங்களா?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் சுமதி சொன்னாள்: "எங்கப்பா ஒரு வேள தவற வுட மாட்டாருங்க. எட போடற மாதிரி மணி பாத்து குடுப்பாரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "கொழுப்பு மாத்திரையும்?"

"ஆமாங்க" என்றேன்.

அப்போது மல்லிகாவைப் பார்த்தேன். நான் கட்டிலுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். அவள் இரண்டு கண்ணும் என் மேல் இருந்தன. இமைக்காமல் பார்த்தாள். மாத்திரையை நிறுத்தியது தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. எப்போது போய் நின்றாலும் அவள் என்னையே பார்த்தாள். சுமதி வலது பக்கம் நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டால்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவளால் விழுங்க முடிகிறதா என்று ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். புரை ஏறியது. தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடும் என்று மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு குழாய் போட்டார்கள். கஞ்சி அதில்தான். மாத்திரைகளையும் பொடி செய்து தண்ணீரில் கலந்து அதில்தான் விடுவார்கள். கொழுப்பு மாத்திரை முன்பைவிட இரண்டு மடங்கு. ராத்திரி எட்டு மணிக்கு நர்ஸ் அந்தப் பொடியைக் கலக்கும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டாம் நாள் சுமதிதான் கேட்டாள். "கொழுப்புதான் நார்மல் வந்துடுச்சேங்க. அப்புறம் எதுக்குங்க அந்த மாத்திரை ரெண்டு பங்கு?" ரத்தச் சோதனைச் சீட்டையும் அவள் பழைய சீட்டுகளோடு வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் விரலை வைத்தார். "இந்த இடத்துக்கு ரத்தம் சுத்தமா போகல. இங்க இருந்த செல்லெல்லாம் செத்துப்போச்சு. அது திரும்பாது." பிறகு விரலால் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது சுத்தி இருக்கற இடம். இங்க கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் வருது. இந்த செல்லெல்லாம் மயங்கிக் கெடக்கு. சாகவும் இல்ல, வேலையும் செய்யல. அடுத்த சில நாள்ல இதுல எத்தன பொழைக்குதோ அதப் பொறுத்துத்தான் பேச்சு, கை, கால் எல்லாம்."

"மாத்திரை?"

"கொழுப்பக் கம்மி பண்றது அதோட ஒரு வேலைதான். ரத்தக் குழாயோட உள்சுவர் வீங்காம ஆத்தும். படிஞ்ச கொழுப்பு உடைஞ்சு வராம பிடிச்சு வெக்கும். மூளை செல் சாகறதையே அது தடுக்குதுன்னு சோதனைக்கூடத்துல பாத்திருக்காங்க. மனுஷங்களுக்கு அது எவ்வளவு ஒதவும்னு இன்னும் உறுதியா சொல்ல முடியல. ஆனா போட்டுட்டு இருந்தவங்க திடீர்னு நிறுத்தினா ஆபத்து. இந்த மாதிரி சமயத்துல நிறுத்தினா ரொம்ப ஆபத்து. நம்பர் நல்லா இருக்குன்னு அத நிறுத்தக் கூடாது."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாப்பா, காத்தாலருந்து சாப்பிடலையா?" என்று சுமதி கீழே ஓடி பன்னும் டீயும் வாங்கி வந்தாள். நான் எதை விழுங்கினேன் என்று தெரியவில்லை. மாத்திரையின் நம்பர் வேறு, அவள் நம்பர் வேறு என்று பிரித்துப் பார்க்கப் போனேன். அந்த மாத்திரை செய்துகொண்டிருந்த வேலை எந்த நம்பரிலும் தெரியாத வேலை.

அடுத்த கட்டிலில் கருணாபுரத்து அம்மா ஒருவர் இருந்தார். அவருக்குத் துணையாக இருந்தது அவருடைய தங்கை அஞ்சலை. கூலி வேலைக்குப் போகிறவர், என் வயதுதான் இருக்கும். எங்களிடம் குவளை இல்லை என்று தன் குவளையைக் கொடுத்தார். மல்லிகாவின் தலையைச் சீவிச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசாதது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணே, பேச்சு போனது அண்ணிக்கா, உனக்கா?"

நான் சிரிக்க முயன்றேன்.

"எப்ப பாரு தரையப் பாத்துக்கினு கீற. அண்ணி உன்னையே பாக்குது. திரும்பி ஒரு வார்த்த பேசு. காது கேக்குமில்ல?"

பக்கத்தில் போய், "மல்லிகா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் உதடு அசைந்தது. 'மா' என்று ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது. அஞ்சலை கையைத் தட்டினார். "பேச வருது, பேச வருது!" என்றார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மற்றதை எழுதியும் பிரயோசனமில்லை. அவள் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் வாய் அசையும்போதெல்லாம் 'மாத்திரை' என்று சொல்லிவிடப் போகிறாளோ என்று பயந்தேன். ஒரே நேரத்தில் இரண்டும் எனக்குள் இருந்தன. அந்தப் பயத்தோடுதான் ராத்திரியெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒரு கறுத்த இடமும் அதைச் சுற்றி வீக்கமும் தெரிந்தன. வீக்கம் இன்னும் கூடினால் மூளை நசுங்கும், மூச்சு நின்றுவிடலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். சுமதிதான் போட்டாள்.

நாலாம் நாள் மதியம் இன்னொரு பிரச்சினை வந்தது. வலது தொடையைத் தொட்டாலே மல்லிகா முனகினாள். உடம்பில் தசை சிதைந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடும். முதல் நாள் எடுத்த ரத்தத்திலேயே அது அதிகமாக இருந்தது. விழுந்து கிடந்ததால் இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் பார்த்தபோது கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

டாக்டரம்மா சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "விழுந்ததாலயா, மாத்திரையாலயான்னு தெரியல. கொழுப்பு மாத்திரை சிலருக்குத் தசையப் பாதிக்கும். ஆறு மாசமா நிறுத்தாம போட்டிருக்காங்க. இங்க வர்றதுக்கு முன்னாடியே ஏறியிருக்கு. இப்ப நான் டோஸ் வேற கூட்டியிருக்கேன். இப்படித் தசை சிதைஞ்சுட்டே போனா கிட்னி கெட்டுடும். இன்னைக்கு ராத்திரியிலருந்து அத நிறுத்திடலாம்."

"நிறுத்தினா ஆபத்துன்னீங்களே?" என்றாள் சுமதி.

"ஆபத்துதான். ரெண்டு பக்கமும் ஆபத்து. எனக்குத் தெரிஞ்சத வெச்சுத்தான் முடிவு பண்ண முடியும்."

அவருக்குத் தெரிந்ததோ என் பொய் மட்டும்தான். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்போது மணி நாலு. ராத்திரி மாத்திரைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

விழுவதற்கு முன் இருபத்தொரு நாள் அந்த மாத்திரை அவள் உடம்பில் இல்லை. முதல் நாள் ரத்தம் எடுத்தது இங்கே மாத்திரை கொடுப்பதற்கு முன்னால். அப்படியென்றால் தசை சிதைந்ததற்கு அந்த மாத்திரை எப்படிக் காரணமாகும்? பத்தாவது படித்த எனக்கே புரிந்தது. சொன்னால் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். சொல்லாவிட்டால், மூளையில் பாதி உயிரோடு மயங்கிக் கிடக்கிற இடத்துக்கு அந்த மாத்திரை கிடைக்காமல் இரண்டாம் தடவையும் நானே நிறுத்தியவன் ஆவேன்.

அவர் பின்னால் வாசல் வரை போனேன். கூட நர்ஸும் இரண்டு பயிற்சி டாக்டர்களும் இருந்தார்கள். "அம்மா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

வராந்தாவில் நின்றேன். அஞ்சலை குவளையில் டீ கொண்டு வந்து கொடுத்தார். அவர் எப்போதும் வராந்தாவில் நிற்க மாட்டார். வார்டுக்குள்ளேயோ கீழேயோதான் இருப்பார்.

"உள்ள வாண்ணே, இங்க நிக்காத" என்றார்.

"ஏம்மா?"

"எனக்கு இந்த வராந்தா ஆவாது. அந்த விஷச் சாராயச் சாவு நடந்தப்போ இங்கதான் வரிசையா பாய் போட்டு ஒக்காந்துக்கினு இருந்தோம். எங்க வூட்டுக்காரரு வயித்து வலின்னுதான் சொன்னாரு. குடிச்சத சொல்ல வெக்கம். டாக்டரு திரும்பத் திரும்பக் கேட்டாரு, குடிச்சியா, குடிச்சியான்னு. இல்லன்னாரு. நானும் பக்கத்துல நின்னுக்கினு, இல்லைங்கன்னேன். போலீசு வந்துடுமோன்னு பயம்." தன் கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரோ, இன்னாவோ. யாருக்குத் தெரியும். ஆறிப்போவுது, குடி."

அவர் உள்ளே போய்விட்டார். என்னைப் பற்றி எதுவும் தெரிந்து அவர் சொல்லவில்லை. வராந்தா ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன், சொன்னார்.

என் சட்டைப் பையில் மண்டியின் எடைச் சீட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினேன். 'டாக்டர் அம்மா அவர்களுக்கு. என் மனைவி விழுவதற்கு முன் இருபத்தொரு நாள் கொழுப்பு மாத்திரை சாப்பிடவில்லை. நிறுத்தியது நான். அவள் டாக்டரைக் கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. தவறாமல் சாப்பிட்டாள் என்று சொன்னது பொய். மற்ற மாத்திரைகள் கொடுத்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மணிக்கு டாக்டரம்மா சாயங்காலச் சுற்றுக்கு வந்தார். சீட்டை நீட்டினேன். "என்ன இது, எடைச் சீட்டு?" என்றார். திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார்.

"இருபத்தொரு நாளா?"

"ஆமாங்க."

"முழுசா? ஒண்ணுகூட குடுக்கலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"சுத்தமா நம்பர் பாக்கலாம்னுங்க."

அவருக்குப் புரியவில்லை. சுமதிக்குப் புரிந்துவிட்டது. சீட்டை டாக்டரம்மா கையிலிருந்து வாங்கிப் படித்தாள். வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா இது?" என்றாள். பிறகு குரலை ஏற்றினாள். "கிழங்குக்குப் பாயிண்ட் பாத்துப் பாத்து, எங்கம்மாவுக்கும் பாயிண்ட் பாத்தியா? நான் பெருமையா சொல்லினுகீறேன், வாய மூடிக்கினு நின்னியே!"

அஞ்சலை எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். சுமதி சீட்டை என் மேல் விட்டெறிந்துவிட்டு வெளியே போனாள்.

டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் எதையோ அடித்துவிட்டு எழுதினார். நர்ஸிடம், "அட்டர்வாஸ்டாட்டினை நிறுத்த வேணாம். எட்டு மணிக்குக் குடுத்துடுங்க. தசை சிதைஞ்சது விழுந்து கெடந்ததாலதான். சலைன் கூட்டுங்க, காலையில மறுபடியும் ரத்தம் எடுங்க" என்றார். பிறகு என்னிடம், "இத மொத நாளே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் கேட்டேன். நாலு நாளில் டாக்டரம்மாவிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "நான் நிறுத்தாம இருந்திருந்தா இது வந்திருக்காதுங்களா?"

"அத யாராலயும் சொல்ல முடியாதுங்க. வராம இருந்திருக்கலாம். வந்தாலும் சேதம் கம்மியா இருந்திருக்கலாம். இதே மாதிரியும் ஆகியிருக்கலாம். அளந்து சொல்ல வழியில்ல."

அவர் போன பிறகு மல்லிகாவிடம் போனேன். வழக்கம்போல இடது பக்கம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "சொல்ட்டேன் மல்லிகா" என்றேன். "எல்லாத்தயும் சொல்ட்டேன்." அவள் கண்ணில் ஏதாவது மாறும் என்று காத்திருந்தேன்.

சலைன் மாற்ற வந்த நர்ஸ், "எப்பவும் இந்தப் பக்கமே நிக்காதீங்க, அந்தப் பக்கமா போய்ப் பேசுங்க" என்றார். "அவங்களுக்கு மூளையில இடது பக்கம் அடிபட்டிருக்கு. அதனால கண்ணு இடது பக்கமே போயிடும். யாரு நின்னாலும், யாருமே நிக்கலன்னாலும் அங்கதான் பாப்பாங்க."

"அப்போ என்னப் பாக்கலைங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. கண்ணு அங்க இருக்கு, அவ்ளோதான்."

நாலு நாளாக அந்தப் பார்வைக்குப் பயந்திருந்தேன். மாத்திரையை நிறுத்தியது அவளுக்கு நினைவிருக்கிறதா, டாக்டரம்மா கேட்டது அவள் காதில் விழுந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போய் நின்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் நான் முன்பு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு நர்ஸ் மாத்திரையைப் பொடி செய்து குழாயில் விட்டார்.

மறுநாள் மூன்றாவது ஸ்கேன் எடுத்தார்கள். கறுத்த இடம் பெரிதாகவில்லை, வீக்கம் குறையவும் இல்லை. சுமதி இட்லி வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். மல்லிகா அன்று பேசவில்லை.